அலைகரை யாருக்கு உரியது?

வன்னியிலே குளக்கரைக் குடியிருப்பாளர் சங்கமொன்றின் பொதுக்கூட்டத்தில், அச்சங்கத்தின் அழைப்பின் பேரில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.



உங்கள் செயலாளர் எனக்கு விடுத்த அழைப்பிலே ஒரேயொரு கேள்வியைத்தான் கேட்டிருந்தார். குளத்தைச் சுற்றி எல்லைக் கற்கள் நடப்பட்டிருக்கின்றன. சில வீடுகள் கற்களுக்கு உட்புறமாக அகப்பட்டுவிட்டன. சட்டம் எங்கள் பக்கத்தில் இருக்கின்றதா என்பதே அக்கேள்வி. ஆம் என்று ஒரே சொல்லில் விடை கூறி, உங்கள் கைதட்டலையும் பெற்றுக்கொண்டு நான் இவ்விடத்தை விட்டுப் போய்விடலாம். அப்படிப் பேசிப் பழகியவர்களுக்கு நம்மிடையே என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஆனால், நாளைக்கு வழக்கென்று வரும்போது நீதவானுக்கு முன்னால் நிற்கப் போகிறவர்கள் நீங்களே அன்றி மேடையிலே பேசியவர்கள் அல்லர். ஆகவே கசப்பான பகுதியை முதலிலே சொல்லிவிடுகிறேன். சட்டம் முழுக்க உங்கள் பக்கத்தில் இல்லை. கல் நட்டவர்கள் பக்கத்திலும் அது முழுக்க இல்லை.

குளம் என்றால் என்ன என்பதை இங்குள்ள கமக்காரருக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அண்மைக் காலத்தில் வந்து வீடு கட்டியவர்கள், உத்தியோகத்தர்கள், வியாபாரிகள் ஆகியோரிற் பலர் நீர் நிற்கும் இடம் குளம், நீர் வற்றிய இடம் தரை என்று எண்ணுகிறார்கள். சட்டம் அப்படி எண்ணவில்லை. கட்டு, துருசு, வான், வாய்க்கால், அலைகரை, நீரேந்து பரப்பு ஆகிய எல்லாம் சேர்ந்ததே குளம். இவற்றுள் அலைகரையே இன்றைய சச்சரவுக்கெல்லாம் காரணமாக இருக்கின்றது. மாசியிலே நீர் நிற்கும். ஆவணியிலே மாடு மேயும். மேயும் மாட்டைப் பார்த்து, இது வெறுந்தரைதானே என்று ஒருவர் வேலி போடுகிறார். அடுத்தவர் கிணறு வெட்டுகிறார். மூன்றாமவர் மண் கொட்டி மேடாக்கிக் கல்வீடு எழுப்புகிறார். நல்ல மழை பெய்யாத ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து வந்துவிட்டால், அங்கே ஒரு குறிச்சியே உருவாகிவிடுகின்றது.

நீரின் மட்டத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். குளம் நிரம்பி வானின் விளிம்பைத் தொடும்போது உள்ள மட்டம் ஒன்று. அதுவே முழுநிரம்பல் மட்டம். பெருமழையிலே ஆறு கொண்டுவரும் வெள்ளம் வானுக்கு மேலாகப் பாயும்போது குளத்தின் நீர் இன்னும் சில அடி உயர்ந்து நிற்கும். அது வெள்ள மட்டம். உங்களிற் பலர் முழுநிரம்பல் மட்டத்தை மனத்திற் கொண்டு, நீர் ஒருபோதும் இங்கே வந்ததில்லை என்று சாதிக்கிறீர்கள். அதிகாரிகளோ வெள்ள மட்டத்தையும் அதற்கப்பால் ஓர் ஒதுக்குக் காணியையும் சேர்த்தே அளக்கிறார்கள். 2018ஆம் ஆண்டு மார்கழி மாதம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலே ஓரிரவுக்குள் வெள்ளம் எங்கெங்கே ஏறியதென்பதைக் கண்டவர்கள், இவ்விரு மட்டங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மறந்திருக்க மாட்டார்கள்.

ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. குளங்களைப் புனரமைக்கும்போது கட்டை உயர்த்துகிறார்கள், வானை உயர்த்துகிறார்கள். இரணைமடுவின் கொள்ளளவும் அண்மைய புனரமைப்பிலே இவ்வாறு உயர்த்தப்பட்டது. வான் ஓரடி உயர்ந்தால், தட்டையான நமது வன்னி நிலத்திலே நீர் எத்தனை யார் தூரம் வெளியே பரவும் என்பதை எண்ணிப் பாருங்கள். அங்கே பாட்டன் காலத்திலிருந்து குடியிருந்தவன் குளத்துக்குள் நுழைந்தவன் அல்லன். குளமே அவனுடைய வளவுக்குள் நுழைந்தது. நுழைந்தவனையும் நுழையப்பட்டவனையும் ஒரே பட்டியலில் எழுதி, இருவருக்கும் ஒரே மாதிரியான அறிவித்தலை அனுப்புவதுதான் இன்றைய நிருவாகத்தின் பெருங்குறை. உங்கள் சங்கம் முதலிலே செய்ய வேண்டிய காரியம் இவ்விரு வகையினரையும் பிரித்தறிவதாகும். எல்லோருக்கும் ஒரே நியாயம் உண்டென்று வாதாடப் புறப்பட்டால், நியாயமுள்ளவனும் சேர்ந்தே தோற்பான்.

இனி, நீரும் அலைகரையும் யாருக்கு உரியன என்ற கேள்விக்கு வருகிறேன். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும் மறுதலையாக நிரூபிக்கப்படும் வரையில் முடிக்குரியவை என்றொரு அனுமானத்தை ஏற்படுத்தியது. நிரூபிக்கும் பாரம் குடிமகனுடைய தலையில் ஏற்றப்பட்டது. வெள்ளைக்காரன் போய்விட்டான், பாரம் இன்னும் இறங்கவில்லை. பின்னர் வந்த 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், இன்று அரச காணிகள் கட்டளைச் சட்டம் என வழங்குவது, பொது ஏரிகளிலும் பொது நீரோடைகளிலும் உள்ள நீரைப் பயன்படுத்தும் உரிமையும் அதன் பரிபாலனமும் அரசுக்கே உரியன என்று விதித்தது. குளங்களையும் ஊற்றுகளையும் பாதுகாப்பதற்காக அரச காணியை ஒதுக்குக் காணியாகப் பிரகடனஞ் செய்யும் அதிகாரத்தையும் அது கொடுத்தது. கரையிலே காணியுள்ளவன் வீட்டுத் தேவைக்கும் கால்நடைக்கும் நீரெடுப்பதை அச்சட்டம் மறுக்கவில்லை. ஆனால் நீரெடுக்கும் உரிமை வேறு. நீர் நிற்கும் தரையிலே வேலி போடும் உரிமை வேறு.

இதற்கு முன்னர் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். ஊர் வழக்கம் இருந்தது. ராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832-33இல் ஒழிக்கப்பட்டபோது, குளங்களைப் பேணிய ஊர் ஏற்பாடும் அதனோடு சேர்ந்து சிதைந்தது. அது அநீதியான ஊழியந்தான். அதை ஒழித்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதன் இடத்தில் எதையும் வைக்காமல் ஒழித்தார்கள். கட்டுகள் உடைந்தன. கால் நூற்றாண்டு கழிந்த பின்னர், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்திலே, 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வயற்காரர்கள் கூடிப் பழைய வழக்கங்களை ஏற்றுக்கொள்ளவும், அவ்வழக்கங்களை மீறுவோரைத் தண்டிக்கவும் வழி செய்தது. குளத்தைச் சுற்றி வாழ்பவர்களின் கூட்டத்துக்குச் சட்ட வலிமை கொடுத்த ஏற்பாடு இந்நாட்டுக்குப் புதியதன்று என்பதைக் கூறவே இதனைக் குறிப்பிட்டேன். அந்த மரபின் தொடர்ச்சியாகத்தான் 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும், கமக்காரர் அமைப்புகளைப் பதிவு செய்யும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் நிற்கின்றன. ஊராரின் கூட்டத்துக்கு இச்சட்டங்கள் கொடுத்தது நீரை ஆளும் பொறுப்பு. குளத்தரையின் உடைமையை அவை எவருக்கும் கொடுக்கவில்லை. மாறாக, குளத்தையும் வாய்க்காலையும் ஒதுக்கையும் அத்துமீறிப் பிடிப்பதைக் குற்றமாக்கின.

இங்கே கூடியிருக்கும் வீட்டுக்காரரிலே மூன்று வகையினர் உள்ளனர். உறுதி உள்ளவர்கள் ஒரு வகை; அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ உள்ளவர்கள் இன்னொரு வகை; எந்தப் பத்திரமும் இல்லாதவர்கள் மூன்றாம் வகை.

உறுதி உள்ளவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் உறுதிக்கு ஆதாரமான பழைய நில அளவைப் படத்தைத் தேடி எடுங்கள். அப்படத்திலே குளத்தின் எல்லை எங்கே காட்டப்பட்டிருக்கின்றது என்பதைப் பாருங்கள். வான் உயர்ந்ததனால் உங்கள் காணி நீருக்குள் போகுமானால், 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி அறிவித்தல் கொடுத்து, விசாரித்து, நட்டஈடு கொடுத்தே அரசு அதனை எடுக்கலாம். நட்டஈடு போதாதென்றால் 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு முறையிடலாம். கல் நட்டுவிட்டு, இனி இது குளம் என்று வாயாற் சொல்லிப் போவது சுவீகரிப்பு ஆகாது.

அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் கவனமாகக் கேளுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உங்களுக்கோ உங்கள் தகப்பன்மாருக்கோ கிடைத்த காணி, நீங்கள் விரும்பியபடி விற்கக்கூடிய காணியன்று. உத்தரவின்றிச் செய்த விற்பனை செல்லாது. முத்திரைக் கடதாசியிலே இரண்டு சாட்சிகளோடு எழுதி, பணத்தையும் எண்ணிக் கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்று வெளியூர் உத்தியோகத்தர் ஒருவர் எனது அலுவலகத்துக்கு வந்தார். வீடும் கட்டிவிட்டார், மாடி வீடு. அவர் கையிலிருந்தது, அவரிடம் பணம் வாங்கியவர் பணம் வாங்கினார் என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. காணிக்கு அது அத்தாட்சியன்று. அதுபோலவே, பின்னுரித்தாளரைப் பதியாமல் காலங்கடத்துவதையும் விடுங்கள். காணிச் சொந்தக்காரர் இறந்து பத்து வருடமாகியும் அவர் பெயரிலேயே பத்திரம் கிடக்கிறது. பிள்ளைகள் வாய்ப்பேச்சிலே பாகம் பிரித்து நான்கு வீடுகள் கட்டியிருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணிலே அந்நால்வரும் எவ்வித அதிகாரமுமின்றி இருப்பவர்கள். 2022ஆம் ஆண்டின் திருத்தம் பின்னுரிமையிலே ஆண்மக்களுக்கு இருந்த முன்னிடத்தை நீக்கியிருக்கின்றது. பெண்மக்களுடைய பெயரையும் தயங்காமற் பதியுங்கள்.

மூன்றாம் வகையினருக்கு நான் ஆறுதல் சொல்ல இங்கு வரவில்லை. பத்து வருடம் ஆண்டால் காணி நமதே என்ற நம்பிக்கை நமது ஊர்களிலே வேரூன்றியிருக்கின்றது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அந்தப் பத்து வருடத்தைத் தனியாருக்கு எதிராகத்தான் கொடுக்கின்றது. அரசுக்கு எதிராக அன்று. நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு ஆட்சியுறுதி முடித்து வைத்திருப்பவர்கள் அதனைக் காட்டி நீதவானிடம் வாதாடலாமென்று எண்ண வேண்டாம். மின்சாரப் பட்டியலும், வாக்காளர் இடாப்பும், பிரதேச சபையின் வரிப் பற்றுச்சீட்டும் அப்படியே. நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்பதை அவை காட்டும். இருக்க உரிமையுண்டு என்பதைக் காட்டமாட்டா. இடப்பெயர்வினாற் காணியை இழந்தவர்களைக் காக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்ததே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அது 1983 மே மாதத்துக்கும் 2009 மே மாதத்துக்கும் இடைப்பட்ட காலத்தைப் பத்து வருடக் கணக்கிலிருந்து விலக்குகின்றது. உங்கள் தனியார் காணியை இன்னொருவர் பிடித்திருந்தால் அது உங்களுக்கு உதவ வந்த சட்டம். அலைகரையிலே இருப்பவருக்கு அதில் இடமில்லை.

வெளியேறும்படி அறிவித்தல் வந்தால் என்ன நடக்கும்? அரச காணிகளின் உடைமையை மீளப் பெறும் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். படிக்குந்தோறும் வியப்பே மிகுகின்றது. ஒரு காணி அரச காணியென்றும், நீங்கள் அதிகாரமின்றி அதிலே இருக்கிறீர்கள் என்றும் தகுதிவாய்ந்த அதிகாரி எனப்படுபவர் கருதினாற் போதும். ஆகக் குறைந்தது 30 நாள் தவணை கொடுத்து அறிவித்தல் விடுவார். அவ்வறிவித்தலைப் பற்றி அவரிடம் விளக்கங்கூற உங்களுக்கு உரிமையில்லையென்று சட்டமே சொல்கின்றது. நீங்கள் போகாவிட்டால் அவர் நீதவான் நீதிமன்றுக்குப் போவார். அங்கே நீதவான் உங்களிடம் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்று: அரசு எழுத்தில் தந்த, இன்றும் வலுவிலுள்ள அதிகாரம் உம்மிடம் உண்டா? இல்லையென்றால் வெளியேற்றக் கட்டளை பிறக்கும். அக்கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு இல்லை. இது அரச காணியே அல்ல, என் காணி என்று கூறுபவர், வெளியேற்றக் கட்டளையின் திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் அரசுக்கு எதிராக உரிமை வழக்குத் தொடரலாம். அதாவது, முதலில் வீட்டை விட்டு இறங்கு; பின்பு வெளியிலே நின்று வழக்காடு என்பதுதான் சட்டத்தின் ஒழுங்கு. ஒரு பக்கத்துக் கட்சிக்காரனே நீதிபதியின் பாதி வேலையையும் செய்துவிடும் இந்த ஏற்பாடு இயற்கை நீதிக்கு ஒவ்வாதது என்பது என் துணிபு. ஆனால் அது இன்றும் வலுவிலுள்ள சட்டம். எனது துணிபு உங்கள் வீட்டைக் காப்பாற்றாது.

எழுத்தாணை கேட்கலாமே என்று சட்டம் படிக்கும் தம்பி ஒருவர் முன்வரிசையிலிருந்து கேட்கிறார். கேட்கலாம். எங்கே கேட்பது என்பதுதான் சங்கடம். 13ஆவது திருத்தத்தின்படி மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு எழுத்தாணை வழங்கும் அதிகாரம் மாகாண விடயங்கள் சம்பந்தமாகக் கிடைத்தது. ஆகவே வெளியேறல் அறிவித்தலுக்கு எதிராகவும் அங்கே போகலாமென்று பலர் கருதினார்கள். 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 26ஆம் திகதி, சோலைமுத்து ராசு என்பவரின் வழக்கிலே, அரச காணி மத்திய அரசின் கையிலேயே இருக்கின்றதென்றும், இத்தகைய அறிவித்தலை மாகாண மேல் நீதிமன்றம் விசாரிக்க முடியாதென்றும் உயர் நீதிமன்றம் தீர்த்தது. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டக்காணி ஒன்றைப் பற்றிய வழக்கு அது. அதன் விளைவு வன்னிக் குளக்கரை வரைக்கும் வந்திருக்கின்றது. முல்லைத்தீவிலே அறிவித்தல் பெற்றவர் கொழும்பு புதுக்கடைக்குப் போய், மேன்முறையீட்டு நீதிமன்றிலே சட்டத்தரணி அமர்த்த வேண்டும். 30 நாளில் எத்தனை கமக்காரரால் அது இயலும்? மாகாணத்துக்குள் அடங்கும் நீர்ப்பாசன வேலைகள் மாகாண விடயம். அந்த நீர் நிற்கும் தரையோ மத்தியின் விடயம். இவ்விரண்டையும் பொருத்திவைக்க அதே திருத்தத்தில் எழுதப்பட்ட தேசியக் காணி ஆணைக்குழு, 1987இல் எழுதப்பட்ட பின்னர் எத்தனையோ அரசாங்கங்கள் மாறியும் நிறுவப்படாமலே கிடந்தது. காணி அதிகாரத்தைப் பற்றி நாம் மேடைகளிலே பேசும்போது, இது படித்தவர்களின் அரசியற் பேச்சு, நமக்கென்ன என்று சிலர் எழுந்து போனதுண்டு. அந்தப் பேச்சுக்கும் உங்கள் வாசலிலே ஒட்டப்படும் கடதாசிக்கும் உள்ள சம்பந்தம் இப்போது விளங்குமென்று நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் தற்காப்பு நீதிமன்றிலே தொடங்க முடியாது. அறிவித்தல் வருவதற்கு முன்னரே தொடங்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது இங்குள்ள பலருக்கு உவப்பாயிராது. சென்ற மாரியிலே, வான் பாயத் தொடங்கு முன்பே துருசைத் திறந்து நீரை வெளியேற்ற வேண்டுமென்று உங்கள் சங்கம் ஒரு மனு எழுதியிருக்கின்றது. வீட்டுக்குள் நீர் வருகின்றதென்பது காரணம். கீழ்ப்புறத்துக் கமக்காரரோ ஒவ்வோர் அங்குல நீரையும் சிறுபோகத்துக்காக எண்ணி வைத்திருக்கிறார்கள். அவர்களும் ஒரு மனு எழுதினார்கள். இரண்டு மனுக்களையும் ஒரே மேசையிலே வைத்துப் பார்த்த அதிகாரிக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! நீரைப் பற்றிய தீர்மானம் போகக் கூட்டத்திலே எடுக்கப்படுவது. அங்கே வாக்குரிமை வயலுக்கு உண்டு, வீட்டுக்கு இல்லை. சட்டம் அப்படியிருப்பது சரியென்றே நான் கருதுகிறேன். குளம் கட்டப்பட்டது வயலுக்காக. முழுநிரம்பல் மட்டத்தைக் குறைத்து வீட்டைக் காப்பாற்ற வேண்டுமென்ற கோரிக்கையை நீங்கள் கைவிட வேண்டும். வெள்ள மட்டத்துக்கு உள்ளேயே கட்டப்பட்ட வீடுகளுக்காக வேறொரு கோரிக்கை உண்டு: இதே பிரதேசத்திலே மாற்றுக் காணியும், வீட்டுக்கான உதவியும், அவை கையில் கிடைக்கும் வரையில் வெளியேற்றாதிருத்தலும். வேறு காணியற்ற ஏழைக் குடும்பங்களுக்காக இக்கோரிக்கையைக் கமக்காரரும் சேர்ந்து கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். கொடுப்பீர்களா என்று அவர்களை இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன். பட்டினத்திலே வீடு இருக்க, காற்று வாங்க அலைகரையில் இன்னொரு மாளிகை கட்டியவருக்காக நான் இதைக் கேட்கவில்லை.

மதில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீர் வரைக்கும் மதில் கட்டி, ஊரார் குளித்த துறையையும் மாடு இறங்கிய பாதையையும் சிலர் அடைத்திருக்கிறார்கள். பொதுப் பாதையை மறித்தால் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, அது பொதுத் தொல்லையென நீதவான் அகற்றக் கட்டளையிடலாம். பிரதேச சபை கட்டிட அனுமதி தந்ததே என்பார்கள். கட்டிட அனுமதி சுவரின் உறுதியைப் பற்றியது. காணியின் உறுதியைப் பற்றியதன்று. வயலை நிரப்பி மேடாக்கியவர்கள் கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி எங்கே என்ற கேள்விக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். மலகூடக் குழியைக் குளத்தின் பக்கமாக வெட்டியவர்களை நான் ஒன்றுங் கேட்கப்போவதில்லை; அவர்களுடைய கிணற்று நீரே கேட்கும். ஆகாயத்தாமரை என்ற பூண்டு இலங்கைக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1909இல், அதை அழிப்பதற்கென்றே தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டி வந்தது. குளத்தின் வேலிக்குள் வேடிக்கையாக வைப்பதெல்லாம் வேடிக்கையாக முடிவதில்லை.

உங்கள் சங்கத்தின் நிலை என்ன? பெயர்ப்பலகை உண்டு; முத்திரை உண்டு; வங்கிக் கணக்கும் உண்டென்று பொருளாளர் சொன்னார். ஆனால் சட்டத்தின் முன்னால் சங்கம் என்றொரு ஆள் இல்லை. பதிவு செய்து கூட்டிணைக்கப்படாத சங்கம் தன் பெயரிலே வழக்காட முடியாது. காணி வாங்க முடியாது. சந்தா கட்டாதவரைக் கேட்பதற்கும் அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்துக்கு அப்பால் வழியில்லை. மாடிக் குடிமனைகளுக்கு 1973ஆம் ஆண்டின் சட்டங்கள் ஒரு முகாமைத்துவ ஏற்பாட்டைக் கொடுத்திருக்கின்றன. தனித்தனி வளவுக்காரருக்கு அப்படி ஒன்றில்லை. ஆகையால் கூட்டுறவுச் சங்கமாகவோ, 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட அமைப்பாகவோ பதிந்துகொள்ளுங்கள். வயலும் உள்ளவர்கள் கமக்காரர் அமைப்பிலே தவறாமற் சேருங்கள். அது பதிவு செய்யப்பட்டவுடன் சட்டத்தின் ஆளாகிவிடுகின்றது, போகக் கூட்டத்திலும் அதன் குரல் ஏறும்.

இதுவரை உங்களுக்குப் பாதகமானவற்றையே சொல்லி வந்தேன். சாதகமானதும் உண்டு. குளம் அரசுக்கு உரியதென்றால், அரசு அதனைத் தன் விருப்பப்படி என்னவும் செய்யலாமா? இக்கேள்வி எப்பாவல பொசுப்பேற்று வழக்கிலே எழுந்தது. அநுராதபுர மாவட்டத்திலே பொசுப்பேற்று அகழும் உரிமையை வெளிநாட்டுக் கம்பனியொன்றின் திட்டத்துக்குக் கொடுக்க அரசாங்கம் ஆயத்தமானது. கலாவாவியிலிருந்து திசாவாவிக்கு நீர் கொண்டுசெல்லும் பழைய ஜயகங்கைக் கால்வாய் அதனாற் சிதையும் நிலையில் இருந்தது. அவ்வூரிலே வாழ்ந்த ஏழு பேர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2000ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே நீதியரசர் அமரசிங்க வழங்கிய தீர்ப்பு, இயற்கை வளங்களை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பிலே வைத்திருக்கின்றதென்று விளக்கித் திட்டத்தைத் தடுத்தது. மனுதாரர்கள் பெரிய மனிதர் அல்லர். அயலிலே வீடும் வயலும் உள்ளவர்கள். 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் சுன்னாகத்து நிலத்தடி நீர் வழக்கிலே, நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன அதே கோட்பாட்டை எடுத்தாண்டு, எண்ணெய்க் கழிவினால் நீரைக் கெடுத்த மின் உற்பத்தி நிறுவனம் அயற்குடிகளுக்கு 2 கோடி ரூபா கொடுக்க வேண்டுமென்று தீர்த்தார். நம்பிக்கைப் பொறுப்பு என்ற இக்கோட்பாட்டை எடுத்துக் கூறக்கூடியவன் யார்? தானே அலைகரையிலே மதில் கட்டாதவன். நாளைக்கு இக்குளத்தின் ஒரு மூலையை மண்ணிட்டு நிரப்பி விடுதி கட்ட யாராவது அனுமதி பெற்று வந்தால், அவனை மறிக்க உங்களுக்கு இந்த ஆயுதம் வேண்டும். இன்று கற்களுக்கு உள்ளேயிருக்கும் மதிலை நியாயப்படுத்தப் போனால் அந்த ஆயுதம் கைநழுவிவிடும்.

உடனே செய்ய வேண்டியவற்றைச் சொல்லி நிறுத்துகிறேன். கல் நட்டவர்கள் எந்தப் படத்தை வைத்துக்கொண்டு நட்டார்கள் என்பது இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுங்கள். முழுநிரம்பல் மட்டம் என்ன, வெள்ள மட்டம் என்ன, வானின் மட்டம் எந்த ஆண்டில் எவ்வளவு உயர்த்தப்பட்டது, ஒதுக்குக் காணி வர்த்தமானியிலே பிரகடனஞ் செய்யப்பட்டதா, செய்யப்பட்டதாயின் எந்தப் படத்தின்படி என்ற ஐந்து கேள்விகளையும் எழுதிக் கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கப்பால் ஆணைக்குழுவும் உண்டு. விண்ணப்பத்தைச் சங்கத்தின் பெயரில் கொடுக்க வேண்டாம். பிரசைகளாக நால்வர் தங்கள் பெயரிலே கொடுக்கட்டும். அந்நால்வரில் இருவர் கீழ்ப்புறத்துக் கமக்காரராக இருக்கட்டும். படம் கைக்கு வந்தபின், உத்தரவு பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு கல்லுக்குக் கல் அளந்து பார்ப்போம். அதற்கான செலவை வீட்டுக்கு இவ்வளவென்று பங்கிடுவதா, மாடிக்குக் கூட, ஓலைக்குக் குறைவென்று பங்கிடுவதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதே முறை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் இதே மண்டபத்திலே இருப்பேன். உறுதி, அனுமதிப்பத்திரம், அளிப்பு, பழைய படம், வந்த கடிதங்கள் யாவற்றையும் கொண்டு வாருங்கள். மூலப் பத்திரத்தை என்னிடம் விட்டுச் செல்ல வேண்டாம், பிரதி போதும். பத்திரம் ஒன்றுமில்லாதவர்களும் வர வேண்டும். எந்த ஆண்டு, எங்கிருந்து, யார் சொல்லி அங்கே வந்து இருந்தீர்கள் என்பதை எழுதிக்கொள்ள ஒரு கொப்பி புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன்.